சுரங்கம் மூடிய ஊரில் குடியிருப்பது

கேஜிஎஃப், அதாவது கர்நாடகத்தின் கோலார் தங்கவயல், என்று ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் கேட்பார். "இன்னும் தங்கம் கிடைக்குதா?" என்பது ஒன்று. "ரவுடி ஊராச்சே, எப்படி இருக்கீங்க?" என்பது இன்னொன்று. மூன்றாவது, பாழடைந்த பங்களாக்களையும் சாஃப்ட் என்கிற சுரங்கக் குழிகளின் மேல் துருப்பிடித்து நிற்கும் கோபுரங்களையும் வீடியோவில் பார்த்துவிட்டு வருகிற கேள்வி: "அங்க மனுஷங்க இருக்காங்களா?" எங்கள் ஊர்ப் பெயரிலேயே சினிமா வந்த பிறகு இரண்டாவது கேள்வி ரொம்பவே கூடிவிட்டது.

இருக்கிறோம். லட்சம் பேருக்கு மேல் இருக்கிறோம். ராபர்ட்சன்பேட்டையில் சாயங்காலம் கடைத்தெருவில் நடக்க இடம் இருக்காது. நான் பிறந்தது சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிய வீட்டில். தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து வேலை தேடி வந்தவர். அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள்ளே, அண்டர்கிரவுண்ட் வேலை. நான் பெங்களூரில் கணக்கு எழுதுகிறேன். இரவு தூங்குவது இதே ஊரில். ஒரே கம்பெனியை, ஒரே ஆலையை நம்பி நிற்கிற ஊர்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அங்கே இருப்பவர்களுக்கு எங்கள் ஊர் பட்டது பயன்படும் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊர் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் எது போனது என்று புரியாது.

1873-இல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் தங்கம் தேட அனுமதி கேட்டார். 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி வந்தது. அப்புறம்தான் எல்லாமே வேகமாக நடந்தது. மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று சுரங்கங்கள். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். பெங்களூருக்கு முன்பே கரண்ட் பார்த்த ஊர் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அது வெறும் பெருமைப் பேச்சு இல்லை, உண்மை. ஆனால் அந்த மின்சாரம் எங்கள் தாத்தாக்களின் வீட்டுக்காக வரவில்லை. ஆட்கள் இறங்கும் கூண்டான கேஜை இறக்கவும், கல் அரைக்கவும், பாதாளத்துக்குக் காற்று அனுப்பவும் வந்தது. தாத்தாக்கள் இருந்தது மூங்கில் தட்டி வீடுகளில். அதனால் பழைய ஆட்கள் வீடு என்று சொல்லமாட்டார்கள், தட்டி என்பார்கள்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலே ஆழம். உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. கீழே பாறையைத் தொட்டால் சுடும். அவ்வளவு ஆழத்தில் பாறைக்குள் அடைபட்ட அழுத்தம் திடீரென்று வெடித்துச் சிதறும். அதற்கு எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்று பேர். மேலே வீட்டில் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்போம். தரை ஒரு உதறு உதறும், பாத்திரங்கள் குலுங்கும். உடனே பெண்கள் வாசலுக்கு வந்து, யார் வீட்டுக்காரர் எந்த ஷிஃப்ட் என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். சங்கு ஊதுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த நிமிடங்களை அனுபவித்தவர்களுக்குத்தான் இந்த ஊரின் தங்கத்துக்கு என்ன விலை என்று தெரியும்.

அந்த ஆழத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை உலகத்தில் முதன்முதலில் கண்டுபிடித்த சோதனைகளில் ஒன்று, 1965-இல் இங்கே, தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே நடந்தது. டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் நடத்தினார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது. பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

படிப்பிலும் இந்த ஊர் சோடை போனதில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே மாரிக்குப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. அவர் எழுத்துகளை நூலாக அச்சடித்துக் காப்பாற்றியது சாம்பியன் ரீஃப்பில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை. பகலெல்லாம் கல் உடைத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ராத்திரியில் படித்தார்கள், கூட்டம் போட்டார்கள். ரவுடி ஊர் என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அது சினிமாவில் தொடங்கவில்லை. தங்கம் எடுக்கும் இடம் என்பதால் தொழிலாளி ஒவ்வொருவரையும் திருடனாக இருக்கலாம் என்றே கம்பெனி பார்த்தது. வேலை முடிந்து மேலே வருகிறவரைச் சோதனை போட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். 1930-இல் தொழிலாளர்களிடம் கைரேகை எடுத்துப் பதிவு செய்யப் போனபோது, எங்களைக் குற்றவாளிகளாக்குகிறீர்களா என்று கேட்டு மூன்று வாரம் வேலையை நிறுத்தினார்கள். கோலார் மாவட்டத்துக்கு ஒரு எஸ்.பி., கேஜிஎஃப்புக்குத் தனியாக ஒரு எஸ்.பி. என்று இன்றும் இருக்கிறது. குற்றம் அதிகம் என்பதால்தான் தனி போலீஸ் மாவட்டம் என்று வெளியாள் நினைத்துக்கொள்கிறார். தங்கத்துக்குக் காவல் போட்ட காலத்து ஏற்பாடு அப்படியே தொடர்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

அடிதடியே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். வேலை சுருங்கிய வருஷங்களில், படித்தும் படிக்காமலும் சும்மா நின்ற பையன்கள் தெருவுக்குத் தெரு கோஷ்டி சேர்ந்தார்கள். சண்டைகள் நடந்தன, உயிர்களும் போயின. ஆனால் அதை ஊரின் குணம் என்று எழுதியவர்கள், அந்தப் பையன்களுக்குப் பத்தொன்பது வயதில் போக வர ஒரு இடம்கூட இல்லாமல் போனதை எழுதவில்லை.

இந்தப் பெயர் கொடுக்கிற அடி மனசோடு நிற்பதில்லை, சம்பளத்தில் விழுகிறது. பெங்களூரில் ஒரு அலுவலகத்தில் நேர்காணலுக்குப் போயிருந்தேன். டேலி, டிடிஎஸ் எல்லாம் கேட்டார்கள், சரியாகவே சொன்னேன். கடைசியில் மேலாளர் முகவரியைப் பார்த்துவிட்டு, "வீட்டுல யார் மேலயாவது கேஸ் இருக்கா?" என்று கேட்டார். எனக்கு முன்னால் போன பெண்ணிடம் கேட்டார்களா என்று வெளியே வந்து விசாரித்தேன். கேட்கவில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்திலும் இதே மாதிரிதான். ஊர்ப் பெயர் சொல்லும்வரை வீடு காலியாக இருந்தது.

இதனால் பல பிள்ளைகள் கோலார் மாவட்டம் என்று மட்டும் எழுதிவிட்டு ஊரை மறைக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மறைக்க வேண்டாம் என்றுதான் என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆதாரிலும் மார்க்ஷீட்டிலும் ஊர் இருக்கிறது, எப்படியும் தெரியவரும். அப்போது மறைத்ததுதான் குற்றமாகப் பேசப்படும். அதைவிட, அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே வேலை செய்கிற நம் ஊர்க்காரர் ஒருத்தரைக் கண்டுபிடியுங்கள். ரயிலில் விசாரித்தால் கண்டிப்பாகக் கிடைப்பார். "இவன் எங்க லைன் பையன், நான் பொறுப்பு" என்று உள்ளே இருந்து ஒரு குரல் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டிரைவர், செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்கள் போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிக் கையில் வைத்திருந்தால், கேள்வி வரும் முன்பே எடுத்து நீட்டலாம். நியாயமா என்றால் நியாயமில்லைதான். மற்ற ஊர்ப் பிள்ளைக்குத் தேவையில்லாத காகிதம் நம் பிள்ளைக்கு மட்டும் ஏன்? ஆனால் அந்தச் சண்டையை வேலையில் சேர்ந்த பிறகு போடலாம்.

இன்னொன்று, பிள்ளைகள் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நாங்கள் வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், கோயிலிலும் சர்ச்சிலும் தமிழ். சுரங்கம் ஓடியவரை அது போதும் என்று இருந்துவிட்டோம், ஏனென்றால் வேலை வாசலிலேயே இருந்தது. கர்நாடக அரசு வேலைக்குக் கன்னடம் இல்லாமல் முடியாது என்று தெரிய வந்தபோது ஒரு தலைமுறைக்கு வயது போய்விட்டது. தமிழை விடச் சொல்லவில்லை. என் பிள்ளைகளுக்கு இரண்டும் வரும்.

சரி, ஊர் எப்படி விழுந்தது?

2001 பிப்ரவரி 28 என்று எல்லாரும் ஒரு தேதி சொல்வார்கள். சுரங்கத்தைக் கடைசியில் நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட நாள் அது. ஆனால் அது ஒரே நாளில் நடந்த விஷயம் இல்லை. ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல் கூடக் கிடைத்த தங்கம், கடைசிக் காலத்தில் மூன்று கிராமுக்கும் கீழே போய்விட்டது. ஆழம் கூடக் கூடக் கல்லை மேலே கொண்டுவரும் செலவு, தண்ணீர் இறைக்கும் செலவு, குளிர்ந்த காற்று அனுப்பும் செலவு எல்லாம் ஏறின. சுரங்கம் மூடிய சமயத்தில் 10 கிராம் தங்கம் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்தான். எடுக்கிற செலவு விற்கிற விலையைத் தாண்டிவிட்டது. 1956-இல் மைசூர் அரசு கம்பெனியை எடுத்துக்கொண்டது, 1962-இல் மத்திய அரசுக்குப் போனது, 1972-இல் பொதுத்துறை நிறுவனமானது. ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்த இடத்தில் கடைசியில் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் மிச்சம்.

ஐம்பது வருஷமாக எல்லார் கண் முன்னாலும் இறங்கிக்கொண்டே வந்த ஒன்றை எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பார்த்தோம். ஆனால் 1964-இல் மத்திய அரசின் இயந்திர ஆலையான பெமல் வந்தது, சிலருக்கு அங்கே வேலை கிடைத்தது. சங்கு தினமும் ஊதியது. சம்பளம் வந்தது. மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அத்தனை தடவை வந்து வந்து போனதால், கடைசியாக வந்தபோது அதுவும் போய்விடும் என்றே நம்பினார்கள்.

ஒரே ஆலையை நம்பி இருக்கிற ஊரில் நீங்கள் இருந்தால், நிர்வாகம் என்ன சொல்கிறது என்பதை விடுங்கள், இவற்றைப் பாருங்கள்: புதிதாகப் பையன்களை எடுக்கிறார்களா? ஓய்வு பெறுகிறவர் இடத்துக்கு ஆள் வருகிறதா, அல்லது காலியாகவே இருக்கிறதா? குவார்ட்டர்ஸ் கூரைக்குச் செய்யும் ரிப்பேர் நின்றுவிட்டதா? கம்பெனி ஆஸ்பத்திரியில் போன டாக்டருக்குப் பதில் டாக்டர் வந்தாரா? எங்கள் ஊரில் சம்பளம் நிற்பதற்குப் பல வருஷம் முன்பே இவை ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் மருந்து குறைய ஆரம்பித்ததும், பிள்ளைகளை வேறு தொழிலுக்குத் திருப்பியவர்கள் தப்பித்தார்கள். அதில் கெட்டிக்காரத்தனம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பெரும்பாலும் அந்த வீட்டு அம்மாக்கள் பிடிவாதமாக நின்றதால் நடந்தது.

சுரங்கம் மூடியபோது வேலை மட்டும் போகவில்லை. இதுதான் வெளியே யாருக்கும் சரியாகப் புரிவதில்லை. வீடு கம்பெனி வீடு. தண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து கம்பெனிக்காக வந்த தண்ணீர். கரண்ட், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம், குப்பை வண்டி எல்லாமே கம்பெனி. நகராட்சி என்பது ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக்காரர்கள் விஷயம் என்று லைன்காரர்கள் நினைத்தார்கள். ஒரு நாள் காலையில் எழுந்தபோது, தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் சொல்லக்கூட யாரிடம் போவது என்று தெரியவில்லை.

கடைசியில் கிடைத்த செட்டில்மென்ட் பணம் எங்கே போனது என்பதை என் கண்ணால் பார்த்தேன். முதலில் வட்டிக்காரர்களுக்குப் போனது. பல மாதங்களாகச் சம்பளம் இழுபறியாக இருந்ததால் எல்லார் வீட்டிலும் கடன். அடுத்தது கல்யாணங்கள். பணம் இருக்கும்போதே பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்ற பயம். மூன்றாவது ஆட்டோ. ஒரே சமயத்தில் அத்தனை பேர் ஆட்டோ வாங்கினார்கள். ஏறுவதற்கு ஊரில் ஆள் வேண்டுமே! சம்பளம் நின்ற ஊரில் யார் ஆட்டோவில் போவார்கள்? இரண்டு மூன்று வருஷத்தில் பாதி வண்டிகள் ஃபைனான்ஸ்காரர் கைக்குப் போய்விட்டன. எங்கள் அம்மா ஒரு பங்கைத் தனியே எடுத்து போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் போட்டார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மாதம் வந்த அந்தச் சின்னத் தொகைதான் எங்கள் வீட்டு அரிசி. எனவே செட்டில்மென்ட் வாங்குகிறவர்களுக்கு என் கருத்து இது: உங்கள் ஊருக்குள்ளேயே வியாபாரம் தொடங்காதீர்கள், வாங்குகிறவர் கையிலும் பணம் இருக்காது. தொடங்குவதானால் வெளியூர்ப் பணம் உள்ளே வருகிற தொழிலாகப் பாருங்கள்.

காகிதங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் ஆளுக்கு அடையாளம் டோக்கன் நம்பர். பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யாரும் கவலைப்படவில்லை. ரிஜிஸ்டரில் முனிசாமி, ரேஷன் கார்டில் முனுசாமி, பேங்கில் இனிஷியலோடு எம். முனிசுவாமி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க, எழுத்து தெரியாத பெரியவர்கள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். சிலர் செத்த பிறகு மனைவிமார் அலைந்தார்கள். எங்கள் லைனில் நான் பல பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆலை ஓடும்போதே, ஆபீசில் ஆள் இருக்கும்போதே பெயரைச் சரி செய்துகொள்ளுங்கள். சர்வீஸ் சர்டிபிகேட், பிஎஃப் எண், கடைசி சம்பளச் சீட்டு, குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய கடிதம், கம்பெனி ஆஸ்பத்திரி மெடிக்கல் சீட்டு, இந்த ஐந்தும் ஒரிஜினலாகக் கையில் இருக்க வேண்டும். மூடிய பிறகு அந்த ஆபீசில் கரையான்தான் இருக்கும். வீட்டு விஷயமும் அப்படியே. பிறந்து வளர்ந்து, தன் காசில் சுவர் வைத்து, கூரை மாற்றி, பேரன் பேத்தி எடுத்த வீடுதான். ஆனால் எல்லாருக்கும் பத்திரம் கைக்கு வந்துவிடவில்லை. பத்திரம் இல்லாத வீட்டை வைத்துப் பேங்கில் கடன் கேட்க முடியாது, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது.

அப்பாவின் நெஞ்சு பற்றி. மூடிய பிறகு சில வருஷம் கழித்துத்தான் இருமல் கூடியது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். போன இடத்தில் டிபி என்று மருந்து கொடுத்தார்கள், கோர்ஸ் முடிந்தும் மூச்சுத் திணறல் போகவில்லை. பிறகு ஒரு வயதான டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "எந்த மைன்ஸ்? எத்தனை வருஷம் கீழே?" என்பதுதான். பாறையைத் துளைக்கும்போது பறக்கிற சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடுகிறது. அதுதான் சிலிகோசிஸ். வேலையை விட்ட பிறகும் அது வளரும். அது இருப்பவருக்கு டிபி சுலபமாகத் தொற்றும், அதனால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். குணப்படுத்த மருந்து இல்லை, ஆனால் பீடியை விடுவது, சளியைப் பரிசோதிப்பது, வருஷத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று செய்ய வேண்டியவை நிறைய உண்டு. வீட்டில் பெரியவர் சுரங்கத்திலோ, கல் குவாரியிலோ, கிரஷரிலோ வேலை செய்தவர் என்றால், எந்த டாக்டரிடம் போனாலும் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவர்களாக அதை விசாரிக்கமாட்டார்கள். பெங்களூரில் இருக்கிற இளம் டாக்டருக்கு, தன் எதிரே உட்கார்ந்திருப்பவர் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் வேலை பார்த்தவர் என்று எப்படித் தெரியும்?

இப்போது ஊரைத் தூக்கி நிறுத்தி வைத்திருப்பது ரயில். 1894-இல் தங்கச் சுரங்கத்துக்காகப் போட்ட தண்டவாளம், பங்காருப்பேட்டையில் பெரிய லைனோடு சேருகிறது. அன்று அதில் இயந்திரங்களும் கரியும் வந்தன. இன்று அதில் நாங்கள் போகிறோம். மாரிக்குப்பத்தில் விடிவதற்கு முன்பே புறப்பட்டு சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊர் ஏறும். கட்டட மேஸ்திரி, நர்ஸ், ஐடி கம்பெனி ஹவுஸ் கீப்பிங் பெண்கள், காலேஜ் பிள்ளைகள், பேங்க் ஆபீசர், எல்லாரும் ஒரே பெட்டியில்தான். ரயிலுக்கு ஸ்வர்ணா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெண்கள் பெட்டியில் மாலூர் வருவதற்குள் ஒருத்தி கீரை ஆய்ந்து முடித்திருப்பாள், இன்னொருத்தி இரண்டு முழம் பூ கட்டியிருப்பாள், சின்னப் பெண்கள் நின்றுகொண்டே பரீட்சைக்குப் படிப்பார்கள். யாருக்காவது ஒரு நாள் முகம் வாடியிருந்தால் ஒயிட்ஃபீல்டுக்குள் காரணம் வெளியே வந்துவிடும். சீட்டு கட்டுவதும், கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதும், வேலை காலியாக இருப்பதைச் சொல்வதும் எல்லாம் இங்கேதான். ஊர் கலைந்து போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இந்தப் பெட்டிதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அதற்கு விலை இருக்கிறது. போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. பிள்ளைகள் தூங்கும்போது போய்த் தூங்கும்போது வருகிற வாழ்க்கை. தாத்தா பாட்டி இருக்கிற வீடு தாங்கும், இல்லாத வீடு தவிக்கும். புதிதாகப் போக ஆரம்பிக்கிறவர்களுக்கு: சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள், பஸ்ஸை நம்பினால் சம்பளத்தில் பெரிய பங்கு போய்விடும். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் கே.ஆர். புரம், ஒயிட்ஃபீல்டு, கன்டோன்மென்ட் மாதிரி ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வேலை பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து இன்னொரு மணி நேரம் சிட்டி பஸ் என்றால் ஒரு வருஷத்தில் உடம்பு கேட்காது. வேலையில் சேரும் அன்றே சாயங்கால ரயில் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். முதல் மாதம் சொல்லக் கூச்சப்பட்டால் பிறகு எப்போதும் சொல்ல முடியாது. வீட்டைக் காலி செய்து பெங்களூருக்கே போய்விடலாமே என்று கேட்பவர்கள், வாடகையையும் அட்வான்ஸையும் இங்கே லைன் வீட்டில் இருக்கும் செலவையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பாருங்கள். நான் பார்த்தேன். அதனால்தான் இங்கே இருக்கிறேன்.

கடைசியாக சைனைட் மேடுகள். கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண்ணை நூறு வருஷத்துக்கு மேலாகக் கொட்டிக் கொட்டி உண்டானவை. தூரத்திலிருந்து பார்த்தால் வெளிறிய மலைகள், சினிமாக்காரர்களுக்குப் பிடித்த இடம். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆடிக் காற்றில் அந்த மாவு கண்ணிலும் தொண்டையிலும் சோற்றிலும். ஆடி மாதம் முழுக்க மேட்டுப் பக்கத்து ஜன்னலில் ஈரத்துணி கட்டுவோம். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லாமல் வைக்கவே கூடாது. வடாம், துணி எதையும் வெளியே காயப்போட முடியாது. பெருக்குவதை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பெருக்கினால் அத்தனையும் மூக்குக்குள். ஆஸ்துமா பிள்ளைகளைக் காற்றுள்ள நாளில் மேட்டுப் பக்கம் விளையாட விடாதீர்கள். போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்: மாஸ்க் போடுங்கள், மழைக்காலத்தில் மேட்டின் ஓரத்தில் நிற்காதீர்கள், மண் சரியும். மூடிக் கிடக்கும் சாஃப்ட் பக்கம் போகவே போகாதீர்கள்.

அந்த மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் மண் இருக்கிறது, அதில் கொஞ்சம் தங்கமும் இருக்கிறது. தங்கம் விலை ஏறியதும் எல்லார் கண்ணும் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 13 மேடுகள், ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர். பாரத் கோல்டு மைன்ஸ் மூலம் அவற்றிலிருந்து தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஊரில் பெரியவர்கள் மறுபடி சங்கு ஊதும் என்று பேசிக்கொள்கிறார்கள். கீழே சுரங்கம் முழுக்கத் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது, பம்ப் நின்ற நாளிலிருந்தே. மேலே இருக்கும் மண்ணைத்தான் எடுக்கப் போகிறார்கள். அதற்கு எந்திரம் அதிகம், ஆள் கொஞ்சம்தான் வேண்டும். இதை வீட்டுப் பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், வேலை வரும் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்க விடாதீர்கள்.

வேலை எத்தனை பேருக்கு என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். மேட்டைக் கிளறும்போது கிளம்பும் தூசிக்குத் தினமும் தண்ணீர் அடிக்கிறார்களா, அந்தத் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து எடுக்கிறார்கள், எடுத்து முடித்த மண்ணை எங்கே கொட்டுவார்கள், பக்கத்து லைன்களில் யார் வந்து காற்றைச் சோதிப்பார்கள், முடிவை எந்த மொழியில் ஒட்டுவார்கள் என்றும் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், லைன் வீடுகளுக்குப் பத்திரம். மண்ணுக்கு விலை பேசும் முன்பு, நாலு தலைமுறையாக அதன் பக்கத்தில் இருப்பவர்களின் வாசலை அவர்கள் பேருக்கு எழுதிக் கொடுங்கள். இதைக் கேட்டு எங்கள் லைனில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஊரை விட்டுப் போனவர்களும் போடலாம், பழைய டோக்கன் நம்பரும் லைன் பெயரும் தெரிந்தால் போதும்.